நீல வாரத்தில் சிவப்பு

மூத்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற நர்ஸ் யாராவது இங்கே இருந்தால், இப்பவே எழுந்து போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வாருங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு நான் சொல்லப் போவது முழுக்க முழுக்க அதைப் பற்றித்தான்.

அட, ஒருவரும் எழும்பவில்லையே. நல்ல பிள்ளைகள்.

நீங்கள் எல்லாரும் ஃபெக்டரி நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். விரலில் ஊசி ஏறினால் என்ன செய்வது, ஸ்டீம் சுட்டால் என்ன செய்வது, காலையில் சாப்பிடாமல் வந்து மயங்கி விழுகிற பெண்பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்பதையெல்லாம் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். மாத்தளையிலிருந்து உக்குவளைப் பக்கம் போகிற வழியில், துணி நெய்து சாயம் போடுகிற ஓர் ஆலையில் இருபத்தாறு வருடம் முதலுதவி அறையில் இருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம். அங்கே நான் விட்ட இரண்டு பிழைகளைத்தான் சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். நானே சிரித்துவிடுவேன்.

எங்கள் ஆலையில் சாயம் போடுகிற பகுதிக்கு ‘டையிங்’ என்று பெயர். அங்கே வாரக் கணக்கு வேறு மாதிரி. ஒரு நிறம் ஓடி முடிந்து தொட்டிகளைக் கழுவி அடுத்த நிறத்துக்குப் போக நேரம் எடுக்கும் என்பதால், ஒரு வாரம் முழுக்க ஒரே நிறம்தான் ஓட்டுவார்கள். சிவப்பு வாரம், பச்சை வாரம், நீல வாரம் என்று வாசல் பலகையில் எழுதி வைத்திருப்பார்கள். டையிங் ஆட்களுக்கு அதுதான் கலண்டர். “எங்க சின்னவன் பொறந்தது பச்ச வாரம் மிஸ்” என்று பெருமையாகச் சொல்வார்கள். தும்மித் துடைத்தால் லேஞ்சியில் அந்த வார நிறம் இருக்கும். பனியனில் இருக்கும், குதிகால் வெடிப்பில் இருக்கும். இந்த வாரம் என்ன நிறம் ஓடுகிறது என்று மனைவிமார் தலையணை உறையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

அதோடு இன்னொரு பேச்சும் இருந்தது. சிவப்பு வாரத்தில் மூத்திரமும் சிவப்பாகப் போகும் என்று. டையிங்கில் பழைய ஆள் புது ஆளுக்குச் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே இதுதான். பயப்படாதே, சாயம் உள்ளே போனது வெளியே வருகிறது, அவ்வளவுதான். தலைவலிக்குப் பெனடோல் வாங்க என்னிடம் வருகிறவர்களும் போகிற போக்கில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் என்ன சளைத்தவளா? “அப்ப உங்களப் புழிஞ்சா ஒரு சாரிக்குச் சாயம் போடலாம் போல” என்பேன். அறையே அதிரும்படி சிரிப்போம்.

நீல வாரத்தில் யாராவது நீலமாகப் போனார்களா? பச்சை வாரத்தில் யாராவது பச்சையாகப் போனார்களா? இந்தக் கேள்வி அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட என் மண்டையில் உதிக்கவில்லை. என் மண்டையை என்னவென்று சொல்ல! சிரித்தேன், பெனடோல் கொடுத்தேன், புத்தகத்தில் ‘தலைவலி’ என்று எழுதினேன். சிவப்பைப் பற்றி யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று ஓர் எழுத்துகூட எழுதவில்லை. அது முதல் பிழை. ஆண்கள் வெட்கப்படுகிற விஷயத்தைச் சிரிப்பாக்கித்தான் சொல்வார்கள் பிள்ளைகளா. நீங்களும் சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பாக்கியம் அக்காவுக்கு வருவோம். டையிங் பகுதியின் கக்கூஸ்களையும் கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானையும் கழுவுகிறவர். தோட்டத்து லய வீட்டிலிருந்து பஸ் ஏறி வருவார். ஆலையின் சொந்த ஆள் இல்லை, கொன்ட்ராக்ட் ஆள். சித்திரை வருடப் பிறப்பு லீவு முடிந்து ஆலை திறந்த வாரத்தில் ஒரு நாள், குதிகாலுக்குப் பிளாஸ்டர் கேட்டு வந்தார். பிளாஸ்டர் ஒட்டி முடிந்த பிறகும் போகாமல் நின்றார்.

“மிஸ், ஒண்ணு கேக்கட்டுங்களா? கோவிச்சிக்கக் கூடாது.”

“கேளுங்க அக்கா.”

“இந்த வாரம் நீலம்தானே ஓடுது?”

“ஆமா. ஸ்கூல் பேக் துணிக்கு.”

“அப்பறம் ஏன் மிஸ் ஆம்பளைங்க கக்கூஸ்ல செகப்பு கெடக்கு?”

வெற்றிலை துப்பியிருப்பார்கள் என்றேன். அவருக்கு வந்ததே கோபம்.

“வெத்தல எனக்குத் தெரியாதுங்களா? எத்தன வருசமா கழுவுறேன்! வெத்தலன்னா செவுத்துல அப்பியிருக்கும், தேய்ச்சாத்தான் போவும். இது தண்ணியோட தண்ணியா கெடக்கு. முந்தாநாளும் இருந்திச்சு, இன்னைக்கும் இருக்கு. செகப்பு வாரம்னா நானும் பேசாமக் கழுவிட்டுப் போயிருப்பேன். நீலம் ஓடுறப்ப செகப்பு எங்கருந்து வரும்?”

எழுந்து அவரோடு போனேன். ஆலைக்கு வந்து அத்தனை வருடத்தில் ஆண்கள் கக்கூஸுக்குள் நான் காலடி வைத்தது அன்றைக்குத்தான். அக்கா வாசலில் கூட்டிக் கழுவுகிற தும்புத்தடியோடு காவல் நின்று, “யாரும் வராதீங்க, உள்ளுக்கு மிஸ் இருக்காங்க, உள்ளுக்கு மிஸ் இருக்காங்க!” என்று மெஷின் சத்தத்தையும் மீறிக் கத்தினார். தெரியாதவனுக்கும் தெரிந்துவிட்டது. அந்த வெட்கத்தை எல்லாம் உள்ளே போனதும் மறந்துவிட்டேன். அங்கே கிடந்தது இரத்தம்.

இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் டீச்சர் மாதிரிப் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சாயப் பவுடர்களில் சில சாதி உண்டு, பழைய காலத்துச் சாமான்களில் கூடுதலாக. மூச்சோடும் தோல் வழியாகவும் கையிலிருந்து வாய்க்கும் போய், உடம்பைச் சுற்றிவிட்டு மூத்திரப் பையில் வந்து தங்கும். வருடக் கணக்காக இப்படித் தங்கித் தங்கிச் சில பேருக்கு அந்தப் பையின் உள்தோலில் புற்றுநோயைக் கொண்டுவரும். அதற்கு முதல் அடையாளம் பெரும்பாலும் இரத்தம். வலி இருக்காது. ஒரு நாள் வரும், பிறகு பல வாரம் வராது. வலியும் இல்லை, தானாக நின்றும் போகிறது என்றால் எந்த ஆம்பிளை டொக்டரிடம் போவான்? மூத்திரத்தில் இரத்தம் வருகிற எல்லாருக்கும் புற்றுநோய் இல்லை. கல்லாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டொக்டர். அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது நாம்.

யாரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அன்றைய ஷிப்டில் டையிங்கில் பதினொரு பேர். அந்தப் பதினொரு பேரில் என்னிடம் சிவப்புப் பகிடி சொல்லாத ஆளே இல்லை. யார் சும்மா சொன்னார், யார் உண்மையில் கண்டதைச் சொன்னார் என்று உட்கார்ந்து உட்கார்ந்து யோசித்தேன். என் புத்தகத்தில் பக்கம் பக்கமாகத் தலைவலிதான் இருந்தது. வேறு வழியில்லை, பதினொரு பேரையும் சோதிக்க வேண்டும்.

மெனேஜரிடம் போனேன். இளம் வயதுக்காரர், நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். சோதனை எடுங்கள், எதற்கென்று மட்டும் சொல்லாதீர்கள், புற்றுநோய் என்ற சொல் ஒரு தடவை உள்ளே போனால் நாளைக்கு டையிங்கில் ஒரு மெஷினும் ஓடாது என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது, தலையாட்டினேன். அது இரண்டாவது பிழை, முதலாவதை விடப் பெரியது.

மறுநாள் காலையில் பெயர் ஒட்டிய சின்னப் போத்தல்களைக் கையில் கொடுத்தேன்.

“எதுக்கு மிஸ்?” என்று கேட்டவன் செல்வராஜ். தொட்டியில் துணி இறக்குகிறவன். அவன் வாய் ஓய்ந்து நான் பார்த்ததே இல்லை.

“சும்மா, ஒரு செக்கப்.”

வருடப் பிறப்பு முடிந்த வாரத்தில் ஒரு ஆலையில் ‘சும்மா’ என்று சொன்னால் எந்தத் தொழிலாளி நம்புவான்? முந்தின வருடம் அதே வாரத்தில் ஒருவர் போதை தெளியாமல் வந்து மெஷின் பக்கத்தில் சறுக்கி விழுந்ததால், குடித்துவிட்டு வந்தால் வேலை இல்லை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். என் பதினொரு பேரும் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள், இது குடிச் சோதனை என்று. என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் பத்துப் போத்தல் வந்துவிட்டது. பதினோராவது, எங்கள் எல்லாருக்கும் அண்ணன் மாதிரியான ரஹீம் நானாவுடையது. உக்குவளைக்காரர், சாய ஸ்டோரில் பவுடர் நிறுக்கிறவர். “நாளைக்குத் தாரேன் மிஸ்” என்று வெறும் போத்தலோடு நெளிந்தார். வெட்கம் என்று விட்டுவிட்டேன். நானாவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முப்பது வருடம் அந்த ஸ்டோரில் இருந்தவர். பவுடர் சரிதானா என்று பார்க்க, பெருவிரலை நாக்கில் தொட்டு, டின்னுக்குள் ஒற்றி எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து வெளிச்சத்தில் பிடிப்பார். மெஷின் சொல்வதற்கு முன்பே அவர் நிறம் சொல்லிவிடுவார். பிறகு அந்த விரலை மறுபடியும் நாக்கில் தொட்டு அடுத்த டின். எல்லாரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். குடி, பொய், கெட்ட வார்த்தை எதுவும் கிடையாது. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாது.

இரத்தம் இருந்தால் நிறம் மாறுகிற சோதனைப் பட்டியை ஒவ்வொரு போத்தலிலும் தோய்த்துப் பார்த்தேன். முதல் நான்கும் சுத்தம். ஐந்தாவதில் இரத்தம் என்று காட்டியது. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் பட்டி காட்டிவிட்டது. ஆறாவதிலும் இரத்தம், ஏழாவதிலும். ஐயோ கடவுளே! பத்தாவது வரைக்கும் ஆறு போத்தலிலும் இரத்தம்.

ஆறு பேர்! செல்வராஜுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். சிங்களப் பொடியன் பண்டாரவுக்குப் போன மாதம்தான் கலியாணம். திரும்பத் திரும்பத் தோய்த்தேன், அதே விடைதான். மெனேஜர் ஓடி வந்தார். பட்டி பழுதாக இருக்கும், எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள் என்றார். எனக்கும் அப்படிச் செய்துவிடத்தான் ஆசை. பட்டியின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

“அப்ப நம்ம ரெண்டு பேரும் குடுத்துப் பார்ப்போம் சேர்” என்றேன். நான் கொடுத்தேன், சுத்தம். மெனேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பத்து நிமிடம் பைப் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் ஒரு தேக்கரண்டி அளவு கொண்டுவந்து நீட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அதுவும் சுத்தம். அந்தச் சந்தோஷத்தில் ஒபிஸ் முழுக்கத் தேநீர் சொன்னார் பாவம். ஆக, பட்டியில் பிழை இல்லை.

போத்தல்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான்கு போத்தலும் நான்கு விதமாக இருந்தன. மற்ற ஆறும் ஒரே கேத்தலில் இருந்து ஊற்றிய தேநீர் மாதிரி, நிறத்தில் ஒரு இழை வித்தியாசம் இல்லை. ஆறு ஆளும் ஒரே மாதிரி நோயாளியாக இருக்கலாம், ஒரே நிறத்தில் போக முடியுமா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆறு பேரையும் வரச் சொன்னேன்.

வந்து வரிசையாக நின்றார்கள். செல்வராஜ் நான் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

“மிஸ், சத்தியமா நேத்து ஒண்ணும் போடல. வருசத்துக்குப் போட்டதுதான். அது இன்னுமா உள்ளுக்கு இருக்கும்?”

“என்னத்தய்யா போட்டீங்க?”

“சாராயம்தான்...”

“யாருய்யா சாராயத்தப் பத்திக் கேட்டா? இது என்னா சோதனைன்னு நெனச்சீங்க?”

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பண்டார உடைந்த தமிழில், “மிஸ், இது குடிக்கிற டெஸ்ட் இல்லயா?” என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மெனேஜர் சொன்னது, நான் தலையாட்டியது எல்லாவற்றையும் அந்த நிமிடமே தூக்கி எறிந்தேன். உண்மையைச் சொன்னேன். ஆறு போத்தலிலும் இரத்தம் இருக்கிறது, கொடுத்தது ஒரே ஆள், அந்த ஆளுக்குப் புற்றுநோயாக இருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் காப்பாற்றலாம், யார் என்று சொல்லுங்கள் என்றேன்.

சொன்னால் கள்ளப் போத்தல் கொடுத்ததற்கு அந்த மனிதரின் வேலை போய்விடும் என்று ஆறு பேருக்கும் அப்போதும் பயம். “அஞ்சு நிமிசம் குடுங்க மிஸ்” என்று செல்வராஜ் கேட்டான். வெளியே பலா மரத்தடியில் கூடி நின்று பேசினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செல்வராஜ் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்தான். பிறகு ஆறு பேரும் ஸ்டோருக்குப் போனார்கள். மாப்பிள்ளை அழைத்து வருகிற மாதிரி இரண்டு பக்கமும் கையைப் பிடித்து ரஹீம் நானாவை அழைத்து வந்தார்கள்.

நானா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். “பொய் செஞ்சிட்டேன் மிஸ், மன்னிச்சிக்கோங்க. பாவம், புள்ளகுட்டிக்காரங்க, வேல போயிடும்னு கேட்டாங்க. ஒரு சோடாப் போத்தல்ல எடுத்துக் குடுத்தேன். எல்லாரும் ஊத்திட்டு மிச்சத்தக் கொட்டிட்டாங்க. எனக்கே இல்லாமப் போச்சு.”

நாளைக்குத் தாரேன் என்றதன் அர்த்தம் அதுதான். ஆறு பேருக்குப் பங்கு வைத்து முடித்துவிட்டு, தன் பங்குக்கு இல்லாமல் நின்றிருக்கிறார் மனுஷன்.

உட்கார வைத்து மெதுவாகச் சொன்னேன். இரத்தம் என்றேன். அவர் முதலில் கேட்டது என்ன தெரியுமா? “அப்ப இந்த ஆறு பேருக்கும் ஒண்ணுமில்லயா மிஸ்?” இது உங்களுடையது மட்டும்தான் நானா என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்று நெஞ்சில் கை வைத்தார். செல்வராஜ் சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதுவிட்டான்.

“சிவப்பாப் போனதக் கண்டீங்களா நானா?”

“நாலஞ்சு தரம் ஈக்கும் மிஸ். நோகல்ல, தானா நிண்டுட்டு. ஒங்கள்ட்டயும் சொன்னேனே, போன சிவப்பு வாரம். நீங்க சிரிச்சீங்க. அப்பதான் எனக்குப் பயம் போச்சு.”

என் அத்தனை வருட வேலையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. அவர் அடிக்கிற எண்ணத்தோடு சொல்லவும் இல்லை. தலையைத் திருப்பிக்கொண்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நானா எழுந்துவிட்டார். மகளுக்கு ஒன்றரை மாதத்தில் நிகாஹ்வாம். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போய் நோய் என்று பெயர் வந்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்ன நினைப்பார்கள்? கலியாணம் முடியட்டும், அடுத்த நாளே வருகிறேன் என்றார். பயமுறுத்தினால் இந்த மனிதர் ஆஸ்பத்திரிப் பக்கமே வர மாட்டார், பயத்திலேயே செத்துப்போவார் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றரை மாதத்தில் ஒன்றும் ஆகாது என்று சொல்லவும் என்னால் முடியாது. அது ஏற்கெனவே உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

“நானா, நிகாஹ்ல மகளக் கட்டிக் குடுக்க வேண்டியது யாரு?”

“நான்தான். வாப்பாதானே வலீ.”

“அந்தக் கதிரையில நீங்களே உக்காரணும்னா நாளைக்கே வாங்க. நாளைக்குப் போனா கலியாணத்துக்கு முன்னால என்னான்னு பார்த்திடலாம். கலியாணத்துக்குப் பொறகு போனா என்னா நடக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி ஒங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன்.”

உள்ளங்கையில் ஒட்டியிருந்த நீலத்தைப் பெருவிரலால் தேய்த்தார். “எத்தன மணிக்கு மிஸ்?” என்றார்.

நானாவோடு கூடப் போக மெனேஜர் இரண்டு பேருக்கு லீவு கொடுத்தார். ஆறு பேரும் வந்தார்கள். அன்றைக்கு இரண்டு மெஷின் நின்றது. ஆஸ்பத்திரி வாங்கில் நானாவை நடுவில் வைத்து நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். அங்கே இருந்த நர்ஸ், நோயாளியோடு ஒரு ஆள் மட்டும் நிற்கலாம், சொந்தக்காரர் யார் என்று கேட்டார். ஆறு பேரும் எழும்பினார்கள். அவர் ஏற இறங்கப் பார்த்தார், தொப்பி போட்ட ஒருவர், விபூதி பூசிய மூன்று பேர், கையில் பௌத்தர்களின் பிரித் நூல் கட்டிய மூன்று பேர்.

“இது எப்பிடிச் சொந்தம்?”

“ரொம்ப நெருங்கின சொந்தம் மிஸ்” என்றான் செல்வராஜ். “எங்க எல்லாருக்கும் மூத்திரமே ஒண்ணுதான்.”

அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. நான்தான் சுவரில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நானாவும் சிரித்தார், அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக.

மாத்தளையில் ஸ்கேன் பார்த்துவிட்டுக் கண்டிக்கு அனுப்பினார்கள். அங்கே கமரா விட்டுப் பார்த்தபோது உள்ளே பாசிப்பயறு அளவில் இரண்டு கட்டி. மூத்திரம் வருகிற வழியாலேயே போய் வெளியே ஒரு கீறல் இல்லாமல் எடுத்துவிட்டார்கள். ரிப்போர்ட் வரும் வரைக்கும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. புற்றுநோய்தான். ஆனால் உள்தோலோடு நின்றுவிட்டது, சதைக்குள் இறங்கவில்லை. மருந்து போட வேண்டும், காலம் முழுக்கக் கமரா விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், சரியான நேரத்தில் வந்திருக்கிறார் என்றார் டொக்டர். இது திரும்பத் திரும்பத் தலைகாட்டக்கூடிய நோய், ஒரு தடவையையும் தவறவிடக் கூடாது என்று கண்டித்தும் சொன்னார். என்ன வேலை, எத்தனை வருடம், என்னென்ன பவுடர் என்று என்னிடமும் எழுதி வாங்கினார். இன்ன பவுடரால்தான் வந்தது என்று அவர் சொல்லவில்லை. நானா இளம் வயதில் பீடி குடித்துப் பிறகு விட்டவர், அதையும் எழுதிக்கொண்டார். நீங்களும் ஒன்றின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

ஆலைக்கு வந்து ஆறு பேரிடமும் மறுபடி போத்தலைக் கொடுத்தேன். “இந்தத் தடவ அவங்கவங்களோடது!” என்று பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஆறும் சுத்தம். அன்றைக்கு அவர்கள் போட்ட ஆட்டத்தில் முதலுதவி அறையின் கதிரை ஒன்று உடைந்தது. பெயர்ப் பட்டியலை மடித்து வைக்கும்போது வாசலில் பாக்கியம் அக்கா. “நானும் அந்தக் கானுலதானே மிஸ் வெறுங்காலோட நிக்கிறேன், எனக்குப் போத்தல் இல்லீங்களா?” என்றார். கொன்ட்ராக்ட் ஆள் என்பதால் பட்டியலில் அவர் பெயரே இல்லை. இரத்தத்தை முதலில் கண்டுபிடித்தவரையே மறந்திருக்கிறேன் பாருங்கள்! ஓடிப்போய்ப் போத்தல் எடுத்தேன். அவருடையதும் சுத்தம். உங்கள் ஆலையிலும் பட்டியலில் இல்லாதவர்கள் இருப்பார்கள், போய்த் தேடுங்கள்.

மெனேஜர் அதற்குப் பிறகு வேறு ஆளாக மாறிவிட்டார். ஸ்டோரின் மூலையில் பெயர் அழிந்து கிடந்த பழைய டின்களை எல்லாம் முறைப்படி அகற்றினார்கள். காற்றை இழுக்கிற விசிறி வந்தது, கையுறையும் முகமூடியும் வந்தன. வாசல் பலகைக்குப் பக்கத்தில் மூன்று பாஷையிலும் இன்னொரு பலகை: எந்த வாரமானாலும் சிவப்பைக் கண்டால் மிஸ்ஸிடம் சொல். செல்வராஜ் அதன் கீழே கரியால், ‘போத்தலைக் கடன் கொடுக்காதே’ என்று எழுதினான். நான் அழிக்கவில்லை.

கலியாணம் உக்குவளையில். ஆறு பேருக்கு ஒரு சஹன் என்பது நானாவின் ஆட்களின் வழக்கம், ஒரே பெரிய தட்டில் சோறு, சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. நம் ஆறு பேரும் ஒரு சஹனைப் பிடித்துக்கொண்டு அந்தப் பந்தலையே இரண்டாக்கினார்கள். நானும் பாக்கியம் அக்காவும் பெண்கள் பக்கத்தில் நானாவின் மனைவியோடு உட்கார்ந்தோம். நிகாஹ் நேரத்தில் திரை இடுக்கால் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, வலீயின் இடத்தில் நானா உட்கார்ந்திருந்தார். மகளைக் கட்டிக் கொடுக்கிற வார்த்தைகளைத் தெளிவாகச் சொல்லி முடித்தார்.

சாப்பாட்டின்போது கறி போதுமா, சோறு போதுமா என்று கேட்டுக்கொண்டு பெண்கள் பக்க வாசலுக்கு வந்தார். அத்தனை நாளும் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொல்லத் தொடங்கினேன். “நானா, அன்னைக்கு நீங்க சொன்னப்ப நான் சிரிக்காம...” கண்ணீர் சோற்றிலேயே விழுந்துவிட்டது.

நானா பதறிப் போனார். கையிலிருந்த கறிச் சட்டியிலிருந்து பெரிய கோழித் துண்டாகப் பார்த்து என் பக்கம் வைத்தார்.

“சாப்பிடுங்க மிஸ், ஆறப் போவுது” என்றார். “நான் இங்கதானே ஈக்கேன்.”